இடுப்பளவு என்றால் யார் இடுப்பு

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; படிப்பவர்களே கண்டுபிடித்தால் இன்னும் அவமானம். ஒரு காயலில் பாதியை என் இடுப்பை வைத்து அளந்தவன் நான். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

கூடப் படித்தவர்களெல்லாம் மென்பொருள் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக் கணினி முன் உட்கார்ந்து தண்ணீரைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முத்துப்பேட்டைக் காயலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆழத்தைக் கொடுத்தால், கடல் ஏறி வற்றும்போது தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், மணலை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று கணினி சொல்லும். முகத்துவாரம் தூர்ந்து படகுகள் தரைதட்டிக்கொண்டிருந்தன. வாய்க்காலைக் கிழக்கே வெட்டுவதா மேற்கே வெட்டுவதா என்பதை என் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வதாக இருந்தார்கள். ஆள் பஞ்சம் அப்படி.

என்னை ஏற்றிக்கொண்டு போன படகுக்காரர் ஆறடிக்குக் குறையாதவர். அவருடைய மச்சான் துபாயிலிருந்து விசா அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“காயல் வாய் தொறந்துச்சுன்னா இங்கயே கெடப்பேன் சார். இல்லன்னா அடுத்த வருஷம் ஒட்டகத்துக்குத்தான் தண்ணி காட்டணும்.”

முதல் நாள் கிழக்குப் பக்கத்தைக் கருவியால் அளந்தோம். மறுநாள் அதை நான் உப்புத்தண்ணீரில் போட்டுவிட்டேன். எடுத்துத் துடைத்து, வெயிலில் வைத்து, கெஞ்சிக்கூடப் பார்த்தேன். உயிர் வரவில்லை. மேற்குப் பக்கம் முழுக்க அவர்தான் மூங்கில் கழியை ஊன்றி, நனைந்த இடத்தைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். “முட்டி. இடுப்பு. இடுப்பு. மாரு.” நான் எழுதிக்கொண்டேன். விடுதிக்கு வந்து தையல்காரர் டேப்பால் என் முட்டி, என் இடுப்பு, என் மார்பு எல்லாவற்றையும் அளந்து ஆழமாக மாற்றினேன். மில்லிமீட்டர் சுத்தமாக.

கணினி கிழக்கே வெட்டச் சொன்னது. மேற்கில் ஆழம் போதாதாம்.

“மேக்கதான சார் தண்ணி இழுக்கும்?” என்றார் படகுக்காரர்.

“அது கண்ணுக்குத் தெரியறதுண்ணே. இது கணக்கு” என்றேன் நான்.

அறிக்கை போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துத்தான் கேமரா ஃபிலிமைக் கழுவக் கொடுத்தேன். தரைதட்டிய படகை நாங்கள் இருவரும் இறங்கித் தள்ளும்போது வேறொரு படகிலிருந்து எடுத்த படம் ஒன்று. அறைத்தோழன் பார்த்துவிட்டு, “நீ ஏன்டா பள்ளத்துல நிக்கிற?” என்றான்.

நான் பள்ளத்தில் நிற்கவில்லை. ஒரே தண்ணீர் எனக்கு இடுப்பிலும் அவருக்குத் தொடையிலும் நின்றது.

அவர் உயரத்தைக் குத்துமதிப்பாக வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். கணினிக்கு இரண்டு நாள் பிடித்தது. திரையில் தண்ணீர் மேற்கேதான் இழுத்தது. கிழக்கே வெட்டிய வாய்க்காலில் வேகமில்லாமல் மணல் உட்கார்ந்து மூடியது. எங்காவது பிழை இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டினேன். நான் பிழையில்லாமல் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

மன்னார்குடியில் பஸ் மாறி ஓடினேன். வாய்க்கால் வேலையைப் பார்த்த அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார். “மெஷின் எறங்கி பாதி வெட்டியாச்சுங்க. இப்ப வந்து இடுப்பு, தொடைன்னா மேல நான் என்னன்னு எழுதறது?”

நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை. கடைசித் தடவை அந்தப் படத்தையும் இணைத்தேன், என் தொப்பை தண்ணீரில் மிதப்பதோடு. பதில் வரவில்லை. மெஷின் முழுக்க வெட்டிவிட்டுக் கிளம்பியது. படகுக்காரரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் தள்ளிய மணலும், என் புதுக் கணக்கு சொன்ன இடத்திலேயே வாயை அடைத்தன. கணக்குச் சரியாக வந்ததற்காக அழுத ஆராய்ச்சி மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

தை மாதம் போனேன். படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். புதுப் பெட்டி ஒன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன், டேப்பிலிருந்து புகைப்படம் வரை.

“இடுப்புன்னா உங்க இடுப்புன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே.”

சிரிப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாலே சிரிப்பவர். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“கேட்டிருக்கலாம்ல.”