இறக்கையில் ஒட்டியிருந்த புழுக்கை

வீட்ஸ்கேவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவி நீராவியில் சுத்தம் செய்யும் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. கத்தரிக்கோலின் மடிப்பில் மயிரிழைக் கறை தெரிந்தாலும் மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாள். விவாகரத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ட்ரோன் வாங்கினாள். அதையும் அதே கண்ணோடுதான் பார்த்தாள். கடலணைப் பக்கம் பறக்கவிட்டு வந்தால், உப்புக்காற்று பட்ட மோட்டார்களைத் தூரிகையால் தட்டி, உடம்பை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் காலணியைக் கழற்றுவாள். சுழலும் இறக்கைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நகம் எங்கேயாவது தட்டினால் அந்த இறக்கை குப்பைக்குப் போகும்.

அந்த வட்டாரத்தில் ட்ரோன் விடுகிறவர்கள், அவளோடு பதினோரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பண்ணைக்காரர் ஒருவர் தன் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் பறக்கவிட இடம் கொடுத்திருந்தார். சங்கத் தலைவன் ரைண்டர், சமையலறை அலமாரிகள் விற்பவன். யாரோடு பேசினாலும் தோளில் தட்டித்தான் பேசுவான். வீட்ஸ்கேவைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக ஆக்கியவனும் அவன்தான். பறப்பதற்கு முன் ஒவ்வொரு ட்ரோனையும் பார்த்து அவள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

ரைண்டரின் ட்ரோனைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். மேய்ச்சல் நிலத்திலேயே இறக்கி, அப்படியே காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போவான். அடிவயிற்றிலும் இறக்கைகளிலும் ஆட்டுப்புழுக்கை காய்ந்து அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கிற அதே விரலால் பாலாடைக்கட்டி ரொட்டியையும் பிய்த்துத் தின்பான். சிதைந்த இறக்கை நுனியை நகம் ராவும் அரத்தால் தேய்த்துச் சரிசெய்திருந்தான்.

"இத மாத்து ரைண்டர். புது இறக்கை என்ன, தங்கத்துலயா பண்றாங்க?"

"வந்துட்டா பாரு ஆஸ்பத்திரிக்காரி! இது என்ன ஆபரேஷனா? பறக்குதா இல்லையா, அவ்வளவுதான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் அந்தப் புழுக்கை நாற்றமும் சேர்ந்து அவளைத் துரத்தின. அதைத் தொட்டுப் பார்க்கவே பிடிக்காமல், வசந்த காலத்தில் ஒருநாள், அவன் பெயருக்கு ஐந்து வெற்றுத்தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பீடை விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் கழி ஊன்றிக் கால்வாய் தாண்டும் போட்டி வந்தது. அதைப் படமெடுக்கும் பொறுப்பை ரைண்டர் சங்கத்துக்கு வாங்கி வந்திருந்தான். கால்வாய்க்கு இந்தப் பக்கம் முழுக்க ஜனம், அந்தப் பக்கம் தாண்டுகிறவர்கள் வந்து விழும் மணல்திட்டு. ஆளில்லாத அந்தப் பக்கம் நின்று, மணல்திட்டுக்கு அப்பாலேயே பறக்கவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

மதியம் காற்று ஏறியது. வீட்ஸ்கே தன் ட்ரோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ரைண்டரோ கால்வாயைச் சுற்றிவந்து ஜனங்களுக்கு நடுவிலேயே பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பேட்டரி, ஊறிய பட்டாணி மாதிரி உப்பியிருந்தது. மூடி சாத்த மறுத்தது. மூடியை ரப்பர்பேண்டால் கட்டினான்.

"உப்பின பேட்டரிய யாராவது போடுவாங்களா? தீப்பிடிக்கும், இல்ல பாதியில நின்னுடும். எடுத்துடு."

"போன வருஷமும் இதேதான் போட்டேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

"ஜனங்க தலைக்கு மேல விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"தாண்டுறவன் மூஞ்சி தெரியணும்னா இந்தப் பக்கத்துலேருந்துதான் எடுக்கணும். நீ போய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடு, போ."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டிக் காட்டினான். "நீதான் எப்பவோ போட்டுட்டியே!"

அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். ட்ரோன் மேலே போனது. காற்று ஒருமுறை புரட்டியது. மறுமுறை புரட்டியபோது ரப்பர்பேண்ட் விட்டது. பேட்டரி தனியே, ட்ரோன் தனியே விழுந்தன. பேட்டரி கால்வாயில் போய்ச் சேர்ந்தது. ட்ரோன், வறுத்த மீன் விற்கும் வண்டியில் பொட்டலம் நீட்டிக்கொண்டிருந்த சீப்ரிக் என்ற பெண்ணின் வலது கைமேல் விழுந்தது. சுற்றுவேகம் அடங்காத இறக்கை இரண்டு விரல்களைக் குறுக்கே கிழித்தது.

முதலில் ஓடிப் போனவள் வீட்ஸ்கேதான். தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துக் காயத்தைக் கழுவினாள். இரத்தத்துக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது. வைக்கோல் நாரோடு புழுக்கை. திறந்த சதைக்குள் புழுக்கை. வாயில் புளித்து ஊறியதை விழுங்கிக்கொண்டு கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க அது? உள்ள என்ன இருக்கு?" சீப்ரிக் கேட்டாள்.

வீட்ஸ்கேவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "மண்ணு... ஆஸ்பத்திரியில நல்லாச் சுத்தம் பண்ணணும், நானும் கூட வரேன்" என்றாள்.

காயத்தில் சீழ் வைத்து இரண்டு முறை அறுவை நடந்தது. கருவிகள் வீட்ஸ்கேவின் பிரிவுக்குத்தான் வந்தன. யாரைக் கீறிய கத்தி என்று தெரிந்தே கழுவினாள்.

இரண்டாவது அறுவை நடந்த வாரம் சங்கம் கூடியது. ரைண்டர் காபியை உறிஞ்சியபடி பேசினான். "திடீர்க் காத்து. யாரால என்ன பண்ண முடியும்? தாள்ல கையெழுத்து இருக்கு, எல்லாம் சரியாப் பார்த்துதான் விட்டிருக்கோம். என்ன வீட்ஸ்கே?"

மற்ற ஒன்பது பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவன் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தான். சீப்ரிக்கின் விரல் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பார்க்கல," என்றாள் வீட்ஸ்கே. "நான் எதையுமே பார்க்கல. உன் அசிங்கத்தத் தொட எனக்கு அருவருப்பா இருந்துச்சு, அதனால வெறுந்தாள்ல போட்டுக் கொடுத்தேன். உன் ட்ரோன்ல ஒட்டியிருந்ததவிட அதுதான் பெரிய அசிங்கம்."

"லூசா நீ? இத வெளிய சொன்னா நீயும்தான் மாட்டுவ."

"மாட்டுறேன்."

மறுநாள் விமானப் போக்குவரத்து ஆய்வு அலுவலகத்துக்கு எழுதினாள். உப்பிய பேட்டரி, ரப்பர்பேண்ட், தான் போட்ட ஐந்து கையெழுத்துகள், ஒன்றையும் விடவில்லை. இருவருக்கும் அபராதம் வந்தது. பண்ணைக்காரர் நிலத்தின் கதவைப் பூட்டினார். சங்கம் கலைந்தது. அதிலிருந்தவர்கள், காட்டிக்கொடுத்தவள் என்று கடையில் பார்த்தால்கூட முகம் திருப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து சீப்ரிக்கைப் பார்க்கப் போனாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள், காயத்துக்குள் இருந்தது என்ன என்பதையும். சீப்ரிக் துணிக்கட்டை அவிழ்த்து, மடங்காத விரலைக் காட்டினாள்.

"உண்மையச் சொன்னீங்க, சரி. அதுக்காக நான் காபி போட்டுத் தரணும்னு நினைச்சீங்களா?"

"இல்லைங்க."

"அப்பக் கிளம்புங்க. உங்களையெல்லாம் பார்த்தாலே எனக்குக் குமட்டுது."

வீட்ஸ்கே கிளம்பினாள். அந்த வார்த்தை தனக்கு உரியதுதான் என்று பட்டது.

குளிர்காலம் முடிவதற்குள் ரைண்டர் இரண்டு ஊர் தள்ளிப் புதுச் சங்கம் ஆரம்பித்துவிட்டான். பழையவர்களில் ஏழு பேர் அதில் சேர்ந்தார்கள். ஏப்ரலில் அவர்கள் இணையத்தில் போட்ட காணொளி ஒன்று அவள் கைப்பேசிக்கு வந்தது: சந்தைத்தெரு, துலிப் பூக் கடைகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், எல்லாம் நேர் மேலே இருந்து, வெகு தாழ்வாக. கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டுகள். அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தைகூட எழுதாமல் அதை ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.