மாத்திரையை நிறுத்திய வருடமும் ஏழாம் எண் கிரேனும்

1. பி.பி. ஏறிய மெடிக்கல்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. கண், காது, பி.பி. எல்லாம் பார்ப்பார்கள். அதில் பாஸானால்தான் மேலே ஏற விடுவார்கள். அதுவரை எந்த வருடமும் எனக்கு அதில் பிரச்சினை வந்ததில்லை. நாற்பது வயதைத் தாண்டிய அந்த வருடம், நர்ஸ் என் பி.பி.யை எடுத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்.

“என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“கருத்தடை மாத்திரை மட்டும்தான் டாக்டர். சின்னவன் பொறந்ததிலேர்ந்து.”

“இந்த பி.பி.க்கு அது சரிப்படாது. இன்னையோட நிறுத்திடுங்க. அடுத்த மாசம் வந்து காட்டுங்க. இப்போதைக்கு வேலைக்குப் போகலாம்.”

வேலைக்குப் போகலாம் என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. மாத்திரையை நிறுத்துவது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

நான் ஓட்டியது யார்டில் கன்டெய்னர்களை அடுக்கும் கிரேன். டயர் வைத்த பெரிய இரும்புச் சட்டம், அதன் உச்சியில் ஆபரேட்டர் அறை. அறையின் தரை கண்ணாடி. காலுக்குக் கீழே லோரி வந்து நிற்கும். குனிந்தபடியே கன்டெய்னரைத் தூக்கி லோரியில் வைக்க வேண்டும். மேலே டாய்லெட் கிடையாது. போக வேண்டுமென்றால் ரேடியோவில் ரிலீஃப் கேட்டு, மாற்று ஆள் ஏறி வந்த பிறகுதான் இறங்க முடியும். அந்த ரேடியோ சேனலை யார்டில் உள்ள எல்லோரும் கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு முன் எனக்கு மாதவிலக்கு என்றால் அது ஒரு வாரத் தண்டனை. மாத்திரை போட ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நாளில் லேசாக வந்து போய்விடும். பிள்ளை வேண்டாம் என்றுதான் போட்டேன். ஆனால் அந்த அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததும் அந்த மாத்திரையால்தான் என்று நிறுத்திய பிறகுதான் புரிந்தது.

2. ஹெல்மெட்டில் முடி

பி.பி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனால் மாதவிலக்கு வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டாவது மாதமும் போனது. கர்ப்பமோ என்ற பயத்தில் காப்பாரில் ஒரு ஃபார்மசியில் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். இல்லை என்று காட்டியது. கிட்டை நம்பாமல் இன்னொன்று வாங்கினேன்.

அதற்குள் தாடையில் பருக்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூட வயதில் கூட எனக்கு அப்படி வந்ததில்லை. தலைவலி ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஷிஃப்ட் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்பட்டியில் கொத்தாக முடி இருக்கும். யாரும் பார்ப்பதற்குள் உருட்டி பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நல்லவர்தான், வெளியே கூட்டம் காத்திருந்தது.

“மாத்திரைய நிறுத்துனா இப்படித்தான் இருக்கும்மா. உடம்பு பழைய நெலமைக்கு வரணும்ல? நார்மல் லா, பயப்படாதீங்க.”

கிள்ளானில் இருக்கும் நாத்தனார், இத்தனை வருஷ மருந்து ரத்தத்தில் ஊறிப் போயிருக்கும், அது வெளியேற வேண்டும் என்றாள். போனில் தேடினால் ஒருவர் கர்ப்பப்பை போய்விடும் என்கிறார், இன்னொருவர் குடலைச் சுத்தம் செய்யும் பவுடர் விற்கிறார். படிக்கப் படிக்கப் பயம் கூடும். படிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நான்காவது மாதம் மாதவிலக்கு வந்தது. வந்தது நிற்கவில்லை.

3. தண்ணீர் குடிக்காத ஷிஃப்ட்

இரண்டு சானிட்டரி பேடுகளை ஒன்றாக வைத்து, கறுப்பு பேன்ட் போட்டு, சீட்டில் பிளாஸ்டிக் பையை விரித்து அதன் மேல் துண்டு போட்டு உட்காருவேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு நாள் தாங்காது என்று தெரிந்து ரேடியோவை எடுத்தேன்.

“ஏழாம் நம்பர், ரிலீஃப் வேணும்.”

“இப்பதானே ஏறுனே விமலா? எதுக்கு?” சூப்பர்வைசர் சிவாவின் குரல். கெட்ட மனிதர் இல்லை. கப்பல் காத்திருந்தது, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் யார்டே கேட்டுக்கொண்டிருக்கும் சேனலில் எதுக்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

“ஒண்ணுமில்ல பாஸ். அப்புறம் பாத்துக்கலாம்.”

அதன் பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

மாதவிலக்கு பத்து நாள் இருக்கும், நாலைந்து நாள் விட்டு மறுபடி ஆரம்பிக்கும். கிரேன் படிக்கட்டை ஒரே மூச்சில் ஏறுபவள், நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். காதுக்குள் சொந்த நெஞ்சுத் துடிப்பு கேட்கும். என் கணவர் குமரன் காப்பார் பவர் ஸ்டேஷனில் டெக்னீஷியன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நகமெல்லாம் வெள்ளையா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா.”

“போனா எம்.சி.ன்னு லீவு எழுதிக் குடுப்பாங்க. எம்.சி. மேல எம்.சி. எடுத்தா கிரேன்லேர்ந்து எறக்கி ஸ்டோர்ல போட்டுருவாங்க. டாக்டர் நார்மல்னுதானே சொன்னாரு?”

“அவரு சொன்னப்ப உனக்கு பீரியடே வரல. இப்ப இதப் பாத்தாரா?”

 அந்த வாரக் கடைசியில் போகலாம் என்று முடிவு செய்தோம். வாரக் கடைசி வரை உடம்பு காத்திருக்கவில்லை.

4. தொங்கிய கன்டெய்னர்

காலை ஷிஃப்ட், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே செல்வம் அண்ணன் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அடுக்கிலிருந்து ஒரு நாற்பதடி கன்டெய்னரைத் தூக்கி அவர் லோரிக்கு நேராகக் கொண்டுவந்தேன். இறக்க ஆரம்பிக்கும்போது லோரியின் ஓரங்கள் கலங்கின. கண்ணைத் துடைத்தேன். ஓரங்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. நெற்றியில் சில்லென்று வியர்த்தது. முன்னால் லோரியின் கண்ணாடிக்குப் பின்னால் செல்வம் அண்ணனின் முழங்கை மட்டும் தெரிந்தது.

இறக்கிவிடலாம், கொஞ்சம்தான் இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் ஜாய்ஸ்டிக்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். கையை எடுத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ரேடியோவைத் தேடி அழுத்தினேன்.

“ஏழாம் நம்பர், ஸ்டாப். செல்வம் அண்ணே, லோரிய வெளிய எடுத்துருங்க.”

“ஏன் விமலா, லோரி நேராத்தானே நிக்குது?”

“எடுங்கண்ணே. எனக்குக் கண்ணு தெரியல.”

 லோரி நகர்ந்தது. அடியில் வெறும் சிமென்ட் தரை தெரிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்தேன். சிவா பாஸ் பேசினார். இந்தத் தடவை எதுக்கு என்று கேட்கவில்லை. “அப்படியே ஒக்காந்திரு. எதையும் தொடாத. ஆள் ஏறி வராங்க,” என்றார்.

என்னை எப்படி இறக்கினார்கள் என்பது துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. முதலில் ஏறி வந்தது மூன்றாம் கிரேன் ஓட்டும் ஹஸ்லினா. சீட்டைப் பார்த்தாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டினாள். அதன் பிறகுதான் ஆண்களை மேலே வரச் சொன்னாள்.

5. அடங்கியிருந்தது

கிள்ளான் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். உடம்பில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்ததாம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு நார்க்கட்டி தெரிந்தது. புற்றுநோயா என்று குமரன்தான் கேட்டார். அப்படித் தெரியவில்லை, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால் உறுதியாகச் சொல்லலாம் என்றார் டாக்டரம்மா.

“மாத்திரைய நிறுத்தினதாலதானே டாக்டர் இதெல்லாம்?”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கட்டி மாத்திரைய நிறுத்தினதால வரல. உங்களுக்கு மொதல்லேர்ந்தே அதிகமாப் போற ஒடம்பு. மாத்திரை அத அடக்கி வச்சிருந்துச்சு. நிறுத்தினதும் வெளிய தெரிஞ்சிருக்கு. மொதல்ல பீரியட் வராம இருந்தது, பரு வந்தது, அது நிறுத்தின பிறகு நெறைய பேருக்கு வரும். முடி கொட்டுறதுக்கு மாத்திரைய நிறுத்தினது, ரத்தக் குறைவு ரெண்டும் காரணமா இருக்கலாம்.”

“தலைவலி?”

“தெரியல விமலா. மாத்திரையா, ரத்தக் குறைவா, பி.பி.யா, இப்பவே என்னால சொல்ல முடியாது.”

அத்தனை மாதத்தில் ‘தெரியல’ என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். பயம் போகவில்லை. ஆனால் அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்ப முடிந்தது.

வயிற்றைக் கிழிக்காமல் உள்வழியாகவே கட்டியை எடுத்தார்கள். டெஸ்ட் முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. இனி கருத்தடைக்கு என்ன செய்வது என்று டாக்டரம்மா கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் குமரன், “இனிமே அது என் வேலை டாக்டர். நான் ஆபரேஷன் பண்ணிக்கறேன்,” என்றார்.

6. மறுபடியும் மேலே

ஸ்டோரில் போடுவார்கள் என்று பயந்தேன். போட்டார்கள். ரத்த அளவு சரியாகும் வரை இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு கையுறைகளையும் போல்ட்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் ஜன்னல் வழியாக ஏழாம் நம்பரைப் பார்ப்பேன். வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். மறுபடியும் மெடிக்கல் பாஸாகி ஏறிய அன்று, படிக்கட்டின் நடுவில் நிற்காமல் போக முடிகிறதா என்ற ஒன்றையே நினைத்துக்கொண்டு ஏறினேன். முடிந்தது.

ஏறுவதற்கு முன் சிவா பாஸிடம் நேராகவே பேசியிருந்தேன். “ரிலீஃப் கேட்டா எதுக்குன்னு ரேடியோவுல கேக்காதீங்க பாஸ். நீங்க அப்படிக் கேட்டா நாங்க ரிலீஃப் கேக்க மாட்டோம். கேக்கலன்னா என்ன ஆகும்னு பாத்தீங்க.” அவர் தலையாட்டினார். அடுத்த வாரமே, யார் ரிலீஃப் கேட்டாலும் காரணம் கேட்கக் கூடாது என்று எல்லா ஷிஃப்ட் பிரீஃபிங்கிலும் சொன்னார்கள்.

முடி முன்பு போல் அடர்த்தியாக வளரவில்லை. தலைவலி இன்னும் வருகிறது, குறைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் இது என்னவாக இருக்கும் என்று மனம் ஓடத்தான் செய்கிறது. போன மாதம் அதே பழைய கிளினிக்குக்குப் போய் அந்தத் தலைவலியைச் சொன்னேன்.

“அது நார்மல்தாம்மா,” என்றார் டாக்டர்.

“சரிங்க டாக்டர். எதுவரைக்கும் நார்மல்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே அன்றும் கூட்டம்தான். இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“இன்னும் ரெண்டு மாசம் பாருங்க. அதுக்கு மேலயும் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கை கால் மரத்துப் போனாலோ, காத்திருக்காம ஒடனே வாங்க.”

கிரேன் ஓட்ட வரும் பெண்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நார்மல் என்று யார் சொன்னாலும் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எதுவரைக்கும் என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.