மருதாணிச் செடிக்குப் போர்த்திய ஷீட்டு

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் செய்த ஒரு காரியம் எப்படி முடிந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது இரண்டாம் வகுப்பு.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். எங்களோடு இருந்த அத்தை, பீங்கான் பொம்மை யூனிட்டிலிருந்து சூளையில் சுடாத பச்சை மண் பொம்மைகளை வாங்கி வந்து, பிசிறு சுரண்டி, தோட்டத்து நிழலில் காயவைப்பாள். தூறல் விழுந்தால் போதும், "ஏ புள்ள, ஓடியா! கரைஞ்சி போயிடப் போவுது!" என்று கத்துவாள். நான் ஓடிப்போய் பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைப்பேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

அந்த வருஷம் மருதாணிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. மூன்று குஞ்சுகள். பொரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இறகு முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. அத்தை என்னைத் தூக்கிக் காட்டுவாள்.

"தொடாதடி. இதுங்களும் பச்சப் பொம்மதான்."

ஸ்கூலுக்குப் போகுமுன் ஒரு தரம் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாலாம் நாள் காலையில் அத்தை பொம்மைகளைக் கொடுக்க யூனிட்டுக்குப் போயிருந்தாள். அம்மா அடுப்படியில். தூறல் போட்டது. எனக்குப் பதறிவிட்டது. பச்சைப் பொம்மை ஆயிற்றே! நாற்காலி போட்டு ஏறி, கூட்டைச் சுற்றி ஷீட்டைப் போர்த்தி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நிம்மதியாக ஸ்கூலுக்குப் போனேன். முதல் மணி அடிக்குமுன் மழை விட்டது. அப்புறம் எங்கள் ஊர் வெயிலைக் கேட்கவா வேண்டும். நானோ, குருவியைக் காப்பாற்றிய கதையை வகுப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஷீட்டைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தது. கூடு காலி.

"குஞ்சுங்க எங்க அத்த?"

"பறந்து போயிடுச்சிங்கடி," என்றாள் அத்தை. கையிலிருந்த பொம்மையைச் சுரண்டியபடி, நிமிராமலே சொன்னாள். "நீ மூடி வெச்சதாலதான் தப்பிச்சிதுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மருதாணி அடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் நின்றேன். கண்ணே திறக்காத குஞ்சு எப்படிப் பறக்கும் என்று கேட்க அந்த மண்டைக்குத் தோன்றவில்லையே!

தாய்க்குருவி மதில் மேல் உட்கார்ந்து, வாயில் புழுவோடு, செடியைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. மறுநாளும் வந்தது. எனக்கு நன்றி சொல்லத்தான் வருகிறது என்று நினைத்தேன்.

"பரவால்ல, பரவால்ல" என்று அதற்குக் கையாட்டினேன்.