பதுர்தீன் நானாவின் காது

பந்தைத் தராமல் வெறும் மட்டையை மட்டும் கையில் கொடுத்து, "சும்மா ஒருக்கா வீசுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார் பதுர்தீன் நானா. மாம்புரிக் கடலோர ஹோட்டலில் கோல்ஃப் பழக வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். மனிதர் உறங்கிவிட்டாரோ என்று சிலர் தொட்டும் பார்த்திருக்கிறார்கள். அவர் கேட்பது காற்றின் சத்தத்தை. 'விஸ்' என்றால் வேகமான கை; அதற்கு அவர் எடுத்துக் கொடுப்பது விறைப்பான தண்டு வைத்த மட்டை. 'வூ...ம்' என்றால் அவசரமில்லாத ஆறுதலான கை; அதற்கு வளைகிற தண்டு.

நானா இருபது வருடம் தூண்டில் தடி திருத்தியவர். உடம்பும் தூண்டில் தடிக்குச் சட்டை போட்ட மாதிரிதான். இதுவரை ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. கேட்டால், "செருப்புக் கடக்காரன் எல்லாச் செருப்பையுமா போட்டுக்கிட்டுத் திரியிறான்?" என்பார்.

வந்த புதிதில் அவர் நம்பியது கண்ணைத்தான். பெரிய மீனுக்கு விறைத்த தடி, சின்ன மீனுக்கு வளைகிற தடி என்ற பழைய பழக்கத்தில், பருத்தவர்களுக்கு விறைத்த மட்டையும் மெலிந்தவர்களுக்கு வளைகிற மட்டையும் கொடுத்தார். பருத்தவர்கள் நோன்புக் கஞ்சி கிண்டுகிற மெதுவான வேகத்தில் வீச, தண்டு அசையவே இல்லை. பந்து தாழப் பறந்து, வலப்பக்கம் சரிந்து, பக்கத்துக் களப்புத் தண்ணீருக்குள் போனது. ஈர்க்குச்சி போன்ற ஒரு டொக்டர் பிள்ளை மின்னலாய் வீச, தண்டு துள்ளி, பந்து இடப்பக்கம் போய்க் குசினிக் கண்ணாடியை நலம் விசாரித்தது. களப்பில் வலை போட்டவர்களுக்கு இறாலைவிடப் பந்துதான் அதிகம் அகப்பட்டதாம். அவர்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டிய பந்துகளைப் பார்த்து, "இத என்ன சோத்துக்கு ஆணமா ஆக்குற?" என்று மனைவி றம்ஸியாவே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் நானா கண்ணை மூடிக் காதை நம்பத் தொடங்கினார்; கெட்ட பெயர் மட்டும் போகவில்லை.

நேற்று மெனேஜர் அம்ஜத் வந்து முடிவாகச் சொன்னான். "வலக்காரங்க முறைப்பாடு குடுத்திட்டாங்க நானா. இனி ஒரு பந்து களப்புல விழுந்தாலும் இந்த இடத்த மூடிருவன். பொறகு நீங்க துணி கழுவுற லோண்டரிப் பக்கம்தான்."

"அங்க என்னத்தத் தம்பி வளச்சுப் பாக்குற, கட்டில் சீலையையா?"



இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தில்லையடி அஸ்ஹான் ஹாஜியார் வந்தார். வாசலிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டிய உடம்பு. வெறும் மட்டையை வீசினார். வூ...ம். இருக்கிறதிலேயே அதிகம் வளைகிற, சிவப்புப் பிடி போட்ட மட்டையை எடுத்து நீட்டினார் நானா.

"என்ன நானா, இது பொம்புளப் புள்ளைகள்ட மட்டையில்லையா?"

"உங்கட கை அவசரமில்லாத கை ஹாஜியார். இந்தத் தண்டு வளஞ்சு குடுத்துப் பந்தத் தூக்கிவிடும். விறச்சதத் தந்தா பந்து வலப்பக்கம் சாஞ்சு களப்புலதான் விழுந்து மவுத்தாகும்."

"என்ட உடம்பப் பாத்துச் சொல்லுங்க."

"உடம்பப் பாத்துப் பாத்துத்தான் நான் இந்த நெலமைக்கு வந்திரிக்கேன்."

அம்ஜத் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றான். ஹாஜியார் முணுமுணுத்தபடி அடித்தார். எல்லார் கண்ணும் பந்தோடு மேலே போனது. நானா மட்டும் கண்ணை இறுக்கி மூடி, களப்புப் பக்கம் காதைத் திருப்பி, தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காத்து நின்றார்.

தூரத்துப் புல்லில் 'தொப்' என்றது. அப்போதும் ஒரு கண்ணைத்தான் திறந்தார்.