குரங்குகள் குதித்த ஸ்போர்ட்ஸ் கார் சீட்

தம்பி ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் கடையத்திலிருந்து குற்றாலம் போனோம். சாரல் காற்று வரட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டே குளிக்கப் போனோம். திரும்பினால், உள்ளே நான்கைந்து குரங்குகள்! சீட் முழுக்க, நாங்கள் சாப்பிட வைத்திருந்த நேந்திரம்பழம் நசுங்கி அப்பிக் கிடந்தது.

"அக்கா, சீட்டெல்லாம் போச்சுக்கா!" என்று தம்பி கலங்கிவிட்டான்.

குரங்குகளை விரட்டிவிட்டுப் பார்த்தோம். சீட்டின் ஓரத்திலிருந்த அசல் தோலில் ஆழமான நகக்கீறல்கள். நடுவிலோ மான்தோல் போல மெத்தென்ற செயற்கைத் துணி. அதுதான் முதலில் கிழியும் என்று நினைத்திருந்தேன். பழத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, காய்ந்ததும் மெல்லிய பிரஷால் நீவினேன்.

"ஏலே, இங்கன பாருலே! ஒரு கீறலு இல்ல, கறை இல்ல!"

நம்ப முடியாமல் இருவரும் மாறி மாறித் தடவிப் பார்த்தோம். கீறல் விழுந்த ஓரங்களுக்கும் தம்பி தென்காசியில் அதே துணியைப் போட்டுவிட்டான். நான் இப்போது எந்த வண்டியிலும் கண்ணாடியை முழுக்க ஏற்றிய பிறகே இறங்குகிறேன்.