பச்சை எடையில் நானூற்று இருபத்தைந்து

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்த வேலை, வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட். பதினாறு வால்வு. இன்ஜின் சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். முத்துப்பிரியா ஸ்பேனர் போட்டு இன்ஜினைச் சுற்ற, அப்பா பால்சாமி தகடு விட்டு இடைவெளி பார்த்தார்.

"வெரசாச் சுத்து ஆத்தா. ஓசூர்ல சம்பளம் வாங்குற கை இம்புட்டு மெதுவாவா சுத்தும்?"

"அங்க மெஷின் சுத்தும்ப்பா."

"அப்ப சம்பளத்தை அதுக்குக் குடுக்கச் சொல்லு."

அவள் ஓசூரில் இன்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். லீவுக்குப் போடி வந்திருந்தாள்.

வண்டி ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஈஸ்வருடையது. அறுபத்தொன்பதாம் வருட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். ஏழு லிட்டர், எட்டு சிலிண்டர். இன்ஜின் மூடியில் நானூற்று இருபத்தைந்து குதிரைத்திறன் என்று ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரைத்தான் அவர் வாங்கினார். கார் கூடவே வந்தது. போடிமெட்டுக்கு ஏறும்போது மூன்றாவது வளைவிலேயே கொதித்து நின்றுவிடும். தோட்ட வேலைக்குப் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு பழைய ஜீப்பு ஆரன் அடித்து ஒதுங்கச் சொல்லும். அந்த ஜீப்பு இன்ஜினும் பால்சாமி கட்டியதுதான். சிலமலையில் பிறந்து, நாற்பது வருடம் மலை ஜீப்புகளோடு மல்லுக்கட்டியவர். இன்ஜினை வளைவில் வைத்துத்தான் மதிப்பார், காகிதத்தில் அல்ல.

அந்த அமெரிக்க இன்ஜினையும் அவரே பிரித்துக் கட்டினார். பிறகு ஈஸ்வர் அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், சக்கரத்தில் எவ்வளவு திறன் வருகிறது என்று அளந்தார். இருநூற்று எழுபத்தைந்து. தாளைக் கொண்டுவந்து பட்டறையில் எறிந்தவர், பால்சாமி நூற்றைம்பது குதிரையைத் தொலைத்துவிட்டதாக ஏலக்காய் ஏல மையத்து டீக்கடை வரை சொல்லி வைத்தார். அதன்பின் இரண்டு ஜீப்புக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள்.

தப்பு எங்கே என்று தேடத்தான் இந்த வால்வு வேலை. பதினாறு வால்வும் சரியாக இருந்தன. தகட்டைத் துடைத்துக்கொண்டே பால்சாமி கேட்டார். "அப்ப நூத்தம்பது எங்கதான் போச்சு?"

"இருந்தாத்தானப்பா போறதுக்கு. அந்தக் காலத்துல ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாத்தையும் கழட்டிட்டு, இன்ஜினை மட்டும் ஸ்டாண்டுல வச்சு அளந்தாங்க. வெளம்பரத்துக்கு நம்பர் பெருசா வேணும். இன்ஷூரன்ஸ்காரன் மொறைச்சா, அதே இன்ஜினுக்குக் கொறைச்சும் எழுதுவாங்க. எழுபத்திரண்டுலதான் எல்லாத்தையும் மாட்டி அளக்க ஆரம்பிச்சாங்க. ஒரே வருசத்துல அமெரிக்கா பூரா குதிரை செத்துப்போச்சு. பத்தாததுக்கு, கியர் பாக்ஸும் ஆக்சிலும் தின்னது போகத்தான் சக்கரத்துக்கு வரும்."

பால்சாமி தகட்டைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

"பச்ச ஏலக்காய் எடையச் சொல்லி வித்துருக்கான்."

"அதேதாம்ப்பா."

"நம்ம காய் அஞ்சு கிலோ காஞ்சா ஒரு கிலோ. அந்த அளவுக்கு அமெரிக்காக்காரன் யோக்கியன்தான்."

ஏல மையத்தில் ஒரு மூட்டையில் ஈரம் பட்டிருந்தால் நகத்தால் கீறி, முகத்தைச் சுளித்து ஒதுக்குகிறவர் ஈஸ்வர். மூன்று தலைமுறையாகக் காயை உலர்த்தி விற்கிற குடும்பம். அவர்தான் இன்ஜினைப் பச்சை எடையில் வாங்கியிருந்தார்.

"அஞ்சு கிலோ பச்சக் காயோட, அந்தாளு காய் உலத்துற ஸ்டோருக்குப் போறேன். உலந்த காய்னு எழுதிக்கங்கன்னு நீட்டுவேன். வைவாப்ல. அப்ப இந்தத் தாளக் குடுப்பேன்."

"நான் இங்கிலீசுல வெவரமா எழுதித் தர்றேனே."

"அவருக்கு இங்கிலீசும் வராது, வெவரமும் வராது. காய்தான் புரியும்."

அவள் ஓசூர் திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை பால்சாமி குரங்கணிக்குப் போய்ப் பச்சைக் காய் வாங்கி வந்து, பையைப் பட்டறையில் வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தபோது உயிர் இல்லை.

ஈஸ்வர் பெரிய மாலையோடு வந்தார். அதையும் பகட்டாகத்தான் வாங்கியிருந்தார். பந்தலில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நல்ல மனுசன். என் வண்டியிலதான் நூத்தம்பதக் கோட்டை விட்டுட்டாப்ல" என்றார். முத்துப்பிரியா காதில் விழுந்தது. கணக்கு முழுவதும் அவள் நாக்கில் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்பதால் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பட்டறையைத் திறந்தாள். பையிலிருந்த காய் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. கோயம்புத்தூர்த் தாள், காய் நிறுக்க அவர் எடுத்து வைத்திருந்த கைத்தராசின் தட்டில் மடித்தபடி கிடந்தது. பின்பக்கம் அப்பாவின் எழுத்து: திங்கட்கிழமை. ஈஸ்வர் ஸ்டோர். கூட்டம் இருக்கும்போது போகணும்.

தராசைத் துடைத்து வைத்தாள். காய் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.