புருஷன் முதுகில் படாத கால்

நான் பிறக்கும்போதே கால் முன்னால் வந்தவள். நகரி நெசவுத் தெருவில் அதற்கு ஏக மரியாதை. யாருக்கு முதுகு பிடித்தாலும் என் வாசலில் வந்து திரும்பி நிற்பார்கள். காலால் மெல்ல மூன்று தட்டு தட்டுவேன். மதராஸை விட்டு ஆந்திரா தனியாகி, நகரி எந்தப் பக்கம் என்று ஊரே சண்டை போட்ட நாட்களிலும் என் கால் விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கே முதுகு பிடித்தது. குழந்தையைத் தோளில் தூக்கிப் படியேறி வந்து திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். நாளும் குறித்தாயிற்று. மனுஷனால் தறிக்குழியை விட்டு எழவே முடியவில்லை.

காலைத் தூக்கினேன். மாமியார் பாய்ந்து வந்தார்.

“புருசன் முதுவுல காலை வெப்பியா? குடும்பம் வெளங்குமா?”

“ஊருக்கெல்லாம் வெக்கிறனே, அத்தே.”

“ஊரு வேற, புருசன் வேற.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் அவரைத் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலில் போட்டு விளக்கெண்ணெய் தேய்த்தார். வலி கூடியதுதான் மிச்சம்.

விடுவேனா? திருப்பதி டாக்டரிடம் இழுத்துப் போனேன். வடமாலபேட்டை தாண்டும்வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்குத்தான் திட்டு. டாக்டர் முதுகை அமுக்கினார், காலை நீட்டித் தூக்கச் சொன்னார். எலும்பில் ஒன்றுமில்லை, தசை இறுகியிருக்கிறது என்றார். பிறகு தறியைப் பற்றிக் கேட்டார். தறி மாமனார் அளவுக்குப் போட்டது. அவர் குள்ளம், இவரோ பனைமரம். குழியில் கால் நீட்ட இடமில்லாமல் நாளெல்லாம் கூன் போட்டு நெய்தால் முதுகு என்ன செய்யும்?

“பரவாலேது. கட்டில் வேணாம், தரையில பாய் போட்டுப் படு. சுடுதண்ணி ஒத்தடம் குடு. சும்மா படுத்தே கெடக்காத, கொஞ்சம் கொஞ்சமா நட. தறியை உன் ஒசரத்துக்கு மாத்திக்கோ.”

குழியை ஆழமாக வெட்டினோம். முதலில் வாசல் வரை நடந்தார், பிறகு தெருக்கோடி வரை. குறித்த நாளில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் படியேறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமியார் படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். பாதி மலையில் குனிந்தவர் நிமிரவில்லை.

“அய்யோ, புட்சிகிச்சிடி. என்னா பாத்துகினு நிக்கிற? காலை வை.”

“மாமியா முதுவுல கால் வெச்சா குடும்பம் வெளங்குமா, அத்தே?”

“சாமி மலையில பாவம் ஒட்டாது. வைடி.”

வழக்கமாக மூன்று தட்டுதான். அன்று ஒன்று கூடவே வைத்தேன்.